சின்னம்மாவுக்குக் காது கேட்காது என்று சொன்னவர்கள்

நேற்று நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி முட்டிவலிக்கு மருந்து அனுப்பியிருந்தாள். வெந்தயத்தை எதிலோ ஊறவைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து குடிக்க வேண்டுமாம். இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். வந்தது, அனுப்பினேன் என்றாள். உனக்கு அனுப்பியவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நாலு பேர் கும்பிடும் கை பொம்மை போட்டார்கள். இன்னொருத்தி, இவளுக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து பொழுது போகவில்லை என்று எழுதிவிட்டு, அதை அழிக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

பொழுது போகாமல் கேட்கவில்லை, அம்மணிகளே. இந்தப் பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் வந்தது. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பிறகுதான் அது எனக்குள் நன்றாக இறங்கியது. அந்தக் கதையை எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு வேறு குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் நாலு பேர். அத்தா, அம்மா, நான், சின்னம்மா. சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் மௌத்தாகிவிட, பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்போது அவளுக்கு இருபது நடந்துகொண்டிருந்தது. ராயப்பன்பட்டி போகும் வழியில் அத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலில் பூச்சி விழுந்தால்கூட அத்தா அவ்வளவு கவலைப்பட மாட்டார். மச்சினிச்சியை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்காவிட்டால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்பது ஒன்றுதான் அவருடைய ஓயாத கவலை. சாப்பிடும்போது சொல்வார், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது சொல்வார். சின்னம்மா அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

சித்திரை மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்களை மதரஸாவில் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் அங்கே ஓதிக்கொடுக்கப் புதிதாக வந்த ஹஜ்ரத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெல்லிய ஆள், பெரிய குரல். முன்னால் இருந்தவர் போர்க்களக் கதை சொல்லிப் பிள்ளைகளை உட்கார வைப்பார். இவர் சொன்னது ஒரே ஒருவர் கதை. மதீனாவில் வாழ்ந்த ஓர் இமாம். பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். தமிழில் எந்த எழுத்தைப் போட்டாலும் அரபி படித்த சம்பந்திகள் சண்டைக்கு வருவார்கள். மதீனத்து இமாம் என்றே வைத்துக்கொள்வோம். ஹஜ்ரத்தும் பாதி நேரம் அப்படித்தான் சொன்னார்.

நபிகள் நாயகத்தைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த காலமாம் அது. அவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று விசாரிக்க இந்த மனிதர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கிழவர், இளவட்டம், திரைக்கு உள்ளே இருக்கும் பெண்கள் என்று ஒருவரையும் விடவில்லை. மற்றவர்கள் மனப்பாடத்தை நம்பியிருக்க, இவர் எழுதுபலகைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கூடப் படித்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நாயகத்தின் சொல்லும் வாழ்க்கையும் பிற்பாடு புத்தகங்களாக நம் கைக்கு வந்ததில் சிரித்தவர்களைவிட அவருடைய பங்குதான் பெரிது என்பார் ஹஜ்ரத். எவராவது ஒரு செய்தியை மொட்டையாகச் சொன்னால் இமாமுக்குக் கோபம் வந்துவிடுமாம். மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை என்னிடம் ஓட்டி வருகிறாயா என்பாராம். இன்னார் சொல்ல இன்னார் கேட்டார், அவர் சொல்ல நான் கேட்டேன் என்று வரிசை முழுதாக வர வேண்டும். அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் எப்பேர்ப்பட்ட ஆள், ஒரே விஷயத்தை வேளைக்கு ஒரு விதமாகச் சொல்கிறவரா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டபின் எங்களை வைத்துக்கொண்டு ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கறி வெந்துவிட்டது என்று அம்மா சொன்னால், யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று நான் கேட்பேன். அகப்பைதான் பதில் சொல்லும். அத்தாவின் திராட்சைப் பெட்டியில் ஒரு பலகையைப் பெயர்த்து, அடுப்புக்கரியால் அதில் வரிசை வரிசையாக எழுதி வைத்தேன். ‘மழை வரும் என்று பால்காரர் சொன்னார். அவருக்கு அவர் மாடு சொன்னது.’ இமாமின் மனைவிகூட இந்தப் புத்தகங்கள் மூன்று சக்களத்திகளைவிடக் கொடுமை என்று நொந்துகொண்டாராம். அம்மா அந்த அம்மையாருக்காக அடிக்கடி பரிதாபப்பட்டாள்.

ஞாபகசக்திக்கு உலர்ந்த திராட்சை சாப்பிடச் சொல்லியிருக்கிறார் இமாம் என்று ஹஜ்ரத் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தஞ்சாவூர்க்காரருக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? மறுநாள் மதரஸா மாடியில் ஆறேழு வீட்டுப் பன்னீர் திராட்சை காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தது என்று சொல்வது தப்பு. எங்கள் ஊர்த் திராட்சையில் முக்கால்வாசி தண்ணீர், மிச்சம் கொட்டை. இரண்டு நாளில் புளித்து, மூன்றாம் நாள் அதிலிருந்து கள்ளுக்கடை வாசனை கிளம்பி, சரியாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கீழே பள்ளிவாசலுக்குள் இறங்கியது. தொழ வந்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் மோந்து பார்த்தார்கள். ஜமாஅத் தலைவர் ஹஜ்ரத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதன்பிறகு ஹஜ்ரத் தின்பண்டத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் சின்னம்மாவுக்குக் கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தரகரும் வந்தார்கள். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்த நிமிஷம் பேச ஆரம்பித்தவர், டீ வந்து, பலகாரம் வந்து, வெற்றிலை வந்த பிறகும் நிறுத்தவில்லை. அத்தாவுக்கு ஒரே பூரிப்பு. வாயுள்ள பிள்ளை, எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வான் என்று அம்மாவிடம் சொன்னார். சின்னம்மா திரைக்குப் பின்னால் இருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாள் குறிப்பதுதான் பாக்கி என்று முடிவாயிற்று.

மதரஸா ஆண்டு விழாவில் நான் மதீனத்து இமாமைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஹஜ்ரத் எழுதிக் கொடுத்திருந்தார், மூன்று பக்கம். அதை மனதில் ஏற்ற நான் இமாமின் வழியையே எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டு வந்ததையெல்லாம் வீட்டில் தூங்கும் பணிப்பெண்ணின் அருகில் உட்கார்ந்து ஒப்பிப்பாராம். இதனால் உனக்கு ஒன்றுமில்லை என்று தெரியும், எனக்கு மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன் என்பாராம். எங்கள் வீட்டில் பணிப்பெண் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கும் சின்னம்மா இருந்தாள். தினமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறும், சின்னம்மா அசைய மாட்டாள். எனக்கு அதில் பெரிய பெருமை. ரைஸ்மில்காரர் மகள் என் உயிர்த்தோழி. எங்க சின்னம்மா காதுக்குள்ள கத்தினாலும் அதுக்குக் கேக்காது என்று அவளிடம் அளந்தேன்.

பத்து நாள் கழித்துத் தரகர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றபடி சொன்னார், கம்பத்துக்காரர்கள் யோசிக்கிறார்களாம், பெண் பிறவியிலேயே செவிடு, ஊமை என்று கேள்விப்பட்டார்களாம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தா தரகரைப் பார்த்துக் கத்திய கத்தலில் நிஜமாகவே காது கேட்காதவர்களும் எழுந்து வந்திருப்பார்கள். கடைசியில், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவே வந்து பெண்ணைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சின்னம்மாவுக்குக் கல்யாணம் நின்றுபோனால் ஆயுசுக்கும் இப்படிச் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள் என்று நினைத்தேன். அப்போது இமாம் என்ன செய்திருப்பார்? பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் தரகர். யார் சொன்னது என்று கேட்டேன். சின்னப் பிள்ளைக்கு எதுக்கு என்றார். நான் போகாமல் அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பலகையில் அவர் பெயரை எழுதத் தொடங்கியதும் பயந்துபோய், கம்பத்துக்கும் நம்ம ஊருக்கும் நடக்கிற வளையல்காரம்மா என்றார்.

வளையல்காரம்மாவை மேற்குத் தெருவில் பிடித்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்.

“ஆத்தா, நான் செவிடுன்னுதான் சொன்னேன். ஊமைன்னு சேத்துக்கிட்டது கம்பத்துக்காரவுக. எல்லாத்தையும் என் தலையில ஏத்தாத.”

அவளுக்குச் சொன்னது ரைஸ்மில்காரர் மனைவி. அந்த அம்மாள் எனக்கு முறுக்குக் கொடுத்து உட்கார வைத்தாள். ஐயோ, நான் செவிடென்று சொல்லவே இல்லை, ஒரு காது கொஞ்சம் மந்தம் என்றுதான் சொன்னேன், அதுவும் பாவப்பட்டுத்தான் சொன்னேன் என்றாள். எந்தக் காது என்று கேட்டேன், எழுத வேண்டுமே. கொஞ்சம் யோசித்து, இடது என்றாள். இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

என் உயிர்த்தோழி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் கையில் இருந்த பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீதான புள்ள சொன்ன” என்றாள்.

முறுக்கு என் வாயில் அப்படியே நின்றுவிட்டது. ஊரெல்லாம் தேடிப் பிடிக்கப் போன திருடி நான்தான். வீட்டுக்கு வரும் வழியில் பலகையின் கடைசி வரியை எச்சில் தொட்டு அழித்தேன். இமாம் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் இமாமுக்கு என் அத்தாவின் கை எப்படி இருக்கும் என்று தெரியாதல்லவா. வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாகிவிடும், சின்னம்மாவுக்குத்தான் நன்றாகக் கேட்குமே, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பலகையை அம்மா அடுப்பில் வைத்துவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தபோது, முதல்முறையாக அவளிடம் நான் சண்டை போடவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா தரகரோடு வந்தார். சின்னம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தபடியே மெல்லப் பின்னால் போய், தாம்பாளத்தைக் கை தவறியது போலக் கீழே போட்டார். கூடத்தில் தரகர் எழுந்து நின்றுவிட்டார். அம்மா துள்ளினாள். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தும் துள்ளினேன். தாம்பாளம் உருண்டு உருண்டு ஒரு வழியாகப் படுத்தது. சின்னம்மா அடுத்த பூவை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரர்தான். சின்னம்மாவின் கன்னத்தைத் தடவி, நல்லா இரும்மா என்று சைகையில் காட்டிவிட்டுப் போனார்.

வீடு எழவு வீடாயிற்று. அம்மா அழுதாள். அத்தா கண்ணேறு என்றார், கொஞ்ச நேரம் கழித்து ஜின் என்றார், கடைசியில் தேனிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றார். நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். டாக்டர் சின்னம்மாவுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார். அவள் பேசாமல் இருந்தாள். கேட்கவில்லை என்றால் காதுக்குப் பின்னால் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர் முணுமுணுத்ததையெல்லாம் சின்னம்மா ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது வீரபாண்டியில் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. தீச்சட்டிக்காரர்கள் ஜன்னலை ஒட்டிப் போக, கொட்டுச் சத்தம் பஸ்ஸையே ஆட்டியது. சின்னம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். டாக்டர் சீட்டைப் பார்த்துக்கூட அத்தா அவ்வளவு சந்தோஷப்படவில்லை. காலையில் முதல் வேலையாகச் சீட்டோடு கம்பம் போகிறேன், கையோடு நாள் குறித்துவிட்டு வருகிறேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். காதிலிருந்து கையை எடுத்தவள், அதைக் கேட்டதும் மறுபடியும் பொத்திக்கொண்டாள். அங்கே அப்போது கொட்டுச் சத்தம் இல்லை.

காலையில் அத்தா குளிக்கப் போயிருந்தார். வெள்ளைச் சட்டை கொடியில் தயாராகத் தொங்கியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னம்மாவிடம் போய், காது கேட்காது என்று முதலில் சொன்னது நான்தான் என்று சொல்லி அழுதேன். ஊரில் நாலு பேரை விசாரித்ததையும், கடைசி வரியை அழித்ததையும் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எனக்கு முன்பே தெரியும், நீ உன் தோழியிடம் அளந்தது என் காதில் விழுந்தது என்றாள். மத்தியானத்தில் அவள் தூங்கியதே இல்லையாம். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் யாரும் வேலை ஏவ மாட்டார்கள் என்று படுத்திருந்தவள், என் மூன்று பக்கத்தையும் தினமும் கேட்டிருக்கிறாள். சந்தேகமா என்று கேட்டுவிட்டு, எழுதுபலகையிலிருந்து மூக்கணாங்கயிறு வரை நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டுக் கடகடவென்று சொல்லிக் காட்டினாள்.

அப்படியானால் தாம்பாளம் விழுந்தபோது ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன்.

“ஊர்ல நாலு பேர விசாரிச்சியே, இந்த வீட்ல யாரையாச்சும் விசாரிச்சியா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது விசாரிக்கிறேன், சொல்லு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“சொல்ற ஆளப் பாருன்னு தெனமும் நீதான கத்துன? நானும் திரைக்குப் பின்னால இருந்து பார்த்தேன். தோட்டத்துல போர் போட்ட கதையை மாப்பிள்ள மூணு தடவ சொன்னாக. டீ வந்தப்ப முன்னூறு அடி. பலகாரம் வந்தப்ப நானூத்தம்பது. வெத்தல போடுறப்ப அறுநூறு. ஆயுசு பூராவும் எந்த அடியை நான் நம்புறது?”

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்க் கொடிக்கும் அத்தாவுக்கும் நடுவில் நின்றேன். இதுதான் நான் சொன்னது, மாற்றாமல் எழுதுகிறேன்.

“அத்தா, சின்னம்மாவுக்கு அந்த மாப்பிள்ளை வேணாமாம். சின்னம்மா சொன்னுச்சு, நான் கேட்டேன், நடுவுல யாரும் இல்ல. காது கேக்காதுன்னு மொதல்ல சொன்னது நான்.”

அத்தாவின் கை மேலே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு, அடி விழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, முன்னூறு, நானூத்தம்பது, அறுநூறு என்று ஒப்பித்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், தூக்கிய கையின் விரல்களை மடக்கி அத்தா எண்ணிக்கொண்டிருந்தார். டீ, பலகாரம், வெற்றிலை. மூன்று தடவையும் எதிரே உட்கார்ந்து தலையாட்டியவர் அவர்தான்.

ஈரத் தலையோடு பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சின்னம்மா எழுந்து நின்றாள். அத்தா தொண்டையைக் கனைத்தார், கிணற்றைப் பார்த்தார், துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

“தண்ணி வந்துச்சாமா, அந்தப் போர்ல?” என்று கேட்டார்.

“அத மட்டும் அவுக சொல்லவே இல்ல மச்சான்.”

அத்தா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எட்டு வருஷமாக அந்தப் பெண் கையால் சாப்பிட்டவர். அவளுக்குத் துணி எடுத்தார், காய்ச்சலுக்கு மருந்து வாங்கினார், மாப்பிள்ளை தேடினார், தேனி வரை கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்தார். எல்லாம் அவளைக் கேட்காமல் அவராகச் செய்ததுதான்.

“வேணாமாம்மா?” என்றார்.

“வேணாம் மச்சான்” என்றாள் சின்னம்மா. நானும் கேட்டேன்.